நிறத்தைக் கழித்த பின் மிஞ்சும் சாளரம்

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பழைய தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை முதன்முதலாகக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்து, பிரிண்ட் போட்டுப் பார்த்தபோது, அதில் புனிதர் ஒருவரின் தலையும் இரண்டு கைகளும் மட்டுமே இருந்தன. உடலைக் காணவில்லை. நேரில் நின்று பார்த்தபோது நீலப் பின்னணியில் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்த அங்கி, பிரிண்டில் அந்தப் பின்னணியோடு ஒரே சாம்பலாகக் கலந்துபோயிருந்தது.

ஒளியளவில்தான் பிழை என்று முதலில் எண்ணினேன். அடுத்த முறை ஒரு ஸ்டாப் கூட்டியும் (அதாவது ஒளியை இரட்டிப்பாக்கியும்) ஒரு ஸ்டாப் குறைத்தும் (பாதியாக்கியும்) எடுத்தேன். சாம்பல் வெளுத்தது, பிறகு கறுத்தது. அங்கி மட்டும் பின்னணியை விட்டுப் பிரியவே இல்லை. என் கண் அவ்விரண்டையும் நிறத்தைக் கொண்டு மட்டுமே பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதும், வெளிச்ச அளவில் அவை ஏறத்தாழச் சமமானவை என்பதும் பிடிபட எனக்கு வெகுநாளாயிற்று. 12, 13ஆம் நூற்றாண்டுச் சாளரங்களில் சிவப்பும் நீலமும் அக்கம்பக்கமாக அமர்வது வழக்கம். பிரான்சின் சார்த்ர் பேராலயத்தை நினைத்தால் கண்முன் வருவதே அந்த இரட்டை நிறம்தான். சிவப்புக்குச் செம்பு, நீலத்துக்குக் கோபால்ட். செம்புச் சிவப்பு எவ்வளவு அடர்த்தியானது என்றால், கண்ணாடித் தகட்டின் முழுத் தடிமனும் அந்தச் சிவப்பாகவே இருந்தால் அது கண்ணுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலத்தை ஏற்றிச் செய்தார்கள். அப்படிச் செய்த பிறகும் அது விடுவது கொஞ்ச வெளிச்சம்தான். ஆழ்ந்த கோபால்ட் நீலமும் அப்படியே. இரண்டு இருட்டுகளை அருகருகே வைத்துவிட்டு, ஒன்றைத் தீ என்றும் மற்றொன்றை வானம் என்றும் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

டிஜிட்டலுக்கு மாறினால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். திரைகளுக்கான பொதுவான தரத்தின்படி, ஒரு நிறத்தின் ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சைக்கு 71.52 விழுக்காடும், சிவப்புக்கு 21.26 விழுக்காடும், நீலத்துக்கு வெறும் 7.22 விழுக்காடும் கொடுக்கப்படுகின்றன. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் பச்சைக்கே அதிகம் கூர்மை காட்டுவதால் வந்த எண்கள் இவை. பொதுவான காட்சிகளுக்குப் பொருத்தமானவையும்கூட. ஆனால் கிட்டத்தட்ட முழுவதும் நீலமும் சிவப்புமாக உள்ள ஒரு சாளரத்தின் மீது ‘கறுப்பு வெள்ளையாக்கு’ என்னும் பொத்தானை அழுத்துவது, அதன் பேரெழிலை அடிமட்டத்து இரண்டு சாம்பல்களுக்குள் திணிப்பதாகும். நடுநிலையான கறுப்பு வெள்ளை என்று ஒன்று இல்லை. யாரோ ஒருவர் ஏற்கெனவே எடுத்துவைத்த முடிவுதான் அந்தப் பொத்தானுக்குள் இருக்கிறது.

பழைய கண்ணாடி நெகட்டிவ்கள் எடுத்த முடிவு வேறு. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒளிப்படத் தகடுகள் நீலத்துக்கும் ஊதாவுக்கும்தான் மசிந்தன. சிவப்பு அவற்றுக்கு இருட்டு. 1873இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், தகட்டின் மேல் பூசும் ஒளியுணர் பசையில் சாயங்களைச் சேர்த்தால் தகடு பச்சையையும் மஞ்சளையும் உணரத் தொடங்குவதைக் கண்டறிந்தார். சிவப்பையும் சேர்த்து உணரும் பான்குரோமாட்டிக் தகடுகள் கடைக்கு வந்தது 1906இல். சாயம் சேராத பழைய தகடுகளில் பதிவான சாளரங்களில் நீலம் வெள்ளையாக வெளுத்தும், சிவப்பும் மஞ்சளும் கருகியும் இருக்கும். நிறத்தைத் தவறாகச் சொல்லும் படங்கள் என்று அவற்றைத் தள்ளிவிடுவதே வழக்கம். எனக்கு அவை மேல் மதிப்பு உண்டு. குறைந்தபட்சம் அவற்றில் அங்கி எது, வானம் எது என்று தெரிகிறது.

அந்தப் பழைய தகடுகளிலிருந்துதான் என் இப்போதைய வழக்கத்தைக் கற்றேன். பான்குரோமாட்டிக் பிலிமில் 25ஆம் எண் சிவப்பு வடிகட்டியை மாட்டினால் அங்கி வெளுத்து நீலம் கறுக்கும். 47ஆம் எண் நீல வடிகட்டியை மாட்டினால் இது தலைகீழாகும். டிஜிட்டலில் நீல அலைவரிசையை மட்டும் பிரித்தெடுத்தாலும் ஏறக்குறைய இதே விளைவு கிடைக்கும், படத்தில் பொடிப்பொடியான இரைச்சல் புள்ளிகள் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பது ஒன்றே வேறுபாடு. இரண்டில் எதைத் தேர்வது என்பது வெறும் விருப்பம் அன்று என்று எனக்குத் தோன்றுகிறது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணின் கூர்மை நீலத்தின் பக்கமாக நகர்கிறது என்பதைச் செக் நாட்டு உடலியலாளர் யான் பர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கவனித்துச் சொன்னார். அந்த நகர்வு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பகலில் கண் மிகக் கூர்மையாக இருப்பது 555 நானோமீட்டரை ஒட்டி. இருளுக்குப் பழகிய கண்ணில் அது 507 நானோமீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது. மாலையில் ஒரு சாளரத்தின் முன் ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் இதை எவரும் காணலாம். முதலில் அணைவது சிவப்பு. மற்ற நிறங்களும் ஒவ்வொன்றாக ஒடுங்கிய பிறகும் நீலம் மட்டும் தனியாக மிதந்துகொண்டிருக்கும். ஆகவே நீல வடிகட்டியில் எடுத்த படம் பொய் சொல்வதில்லை. அந்தச் சாளரத்துக்கு நாள்தோறும் நேரும் ஒரு பொழுதைத்தான் அது சொல்கிறது.

(சிவப்பு வடிகட்டியோடு எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. கோபால்ட் கண்ணாடி நீலத்தை மட்டுமல்ல, நிறமாலையின் கடைக்கோடியில் உள்ள ஆழ்சிவப்பையும் விட்டுவிடும் இயல்புடையது. அதனால் சிவப்பு வடிகட்டியில் எல்லா நீலமும் எதிர்பார்த்தபடி கறுப்பதில்லை. அகச்சிவப்புக்காக மாற்றிய கேமராவிலோ கோபால்ட் நீலம் வெள்ளை வெளேரென்று வந்து நிற்கும்.)

இவ்வளவு பாடுபட்டு நிறத்தை ஏன் கழிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நிறத்துக்காகவே செய்யப்பட்ட ஒன்றிலிருந்து நிறத்தை எடுப்பது, வீணையின் தந்திகளை அவிழ்த்துவிட்டு அதன் மரவேலையைப் பாராட்டுவது போன்றதல்லவா என்றார் ஒரு நண்பர். உவமை நன்றாக இருந்தது. அதனாலேயே பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. என் பதில் இதுதான்: சாளர ஓவியரின் கை கறுப்பு வெள்ளையில்தான் வேலை செய்தது. நிறம் அவருக்குத் தகடாக வந்து சேர்ந்தது. சிவப்புத் தகடு, நீலத் தகடு, பச்சைத் தகடு என்று உலைக்களத்தில் ஊதிச் செய்யப்பட்டவற்றை அவர் தேர்ந்தார், வெட்டினார். ஆனால் முகத்தையும், விரலையும், துணியின் மடிப்பையும், எழுத்தையும் அவர் தூரிகையால் எழுதியது ஒரே ஒரு பொருளால்: இரும்பு அல்லது செம்பின் ஆக்சைடையும் பொடித்த கண்ணாடியையும் ஏதோ ஒரு திரவத்தில் குழைத்த பழுப்புக் கறுப்பு மையால். அந்த மை நிறம் சேர்ப்பதில்லை. வெளிச்சத்தை மறிக்கிறது, அவ்வளவே. எழுதி முடித்ததைச் சூளையிலிட்டுச் சுட்டால், அது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த தியோஃபிலஸ் என்ற துறவி, இந்த ஒரு மையைக் கெட்டியாகவும் நடுத்தரமாகவும் நீர்க்கவும் பூசி மூன்று தொனிகளை வரவழைப்பதை எழுதிவைத்திருக்கிறார். அதைப் படிக்கும் கறுப்பு வெள்ளைப் படக்காரர் எவருக்கும் தம் இருட்டறை நினைவுக்கு வராமல் இருக்காது.

இங்கிலாந்தின் யார்க் மின்ஸ்டர் பேராலயத்தில் உள்ள பெரிய கிழக்குச் சாளரத்துக்கு 1405இல் போடப்பட்ட ஒப்பந்தம் இதற்கு நல்ல சான்று. கவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் மூன்று ஆண்டுகளுக்குள் வேலையை முடிக்க வேண்டும். சாளரத்தில் வரும் கதைகளையும் உருவங்களையும் அவர் தம் கையாலேயே வரைய வேண்டும் என்று அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடியை வெட்டுவதற்கும், துண்டுகளை ஈயப்பட்டைகளால் பூட்டுவதற்கும் பட்டறையில் ஆள்கள் இருப்பார்கள். கோடு மட்டும் அவருடையதாக இருக்க வேண்டும். 1408இல் சொன்னபடி வேலை முடிந்தது. மொத்தம் 56 பவுண்டு பெற்றார்.

அந்தக் கோட்டை நிறம் எப்படி மறைத்துவிடுகிறது என்பதை நான் உணர்ந்தது ஓர் அப்போஸ்தலரின் தாடியில். அந்தச் சாளரத்தின் முன் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். தாடி என்று ஒன்று இருந்தது என்பதற்கு மேல் எதுவும் நினைவில் இல்லை. நீல வடிகட்டியில் எடுத்த நெகட்டிவை ஒளிப்பெட்டியில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தபோது, தாடியின் ஒவ்வொரு சுருளும் பூசப்பட்டதல்ல, சுரண்டப்பட்டது என்று தெரிந்தது. முதலில் முகத்தின் கீழ்ப்பகுதி முழுவதற்கும் மையை நீர்க்கப் பூசி, அது உலர்ந்ததும், தூரிகைக் காம்பின் கூர்முனையாலோ அது போன்ற ஒன்றாலோ மயிரிழைகளை ஒன்றொன்றாகக் கீறி வெளிச்சத்தை உள்ளே விட்டிருக்கிறார். ஓரிடத்தில் கை சறுக்கி, ஒரு கீறல் உதட்டைத் தாண்டி ஓடியிருந்தது. அதைத் திருத்தவில்லை. தரையிலிருந்து அத்தனை உயரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருக்கலாம்.

கறுப்பு வெள்ளைக்கென்றே பிறந்தவை போன்ற சாளரங்களும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன் துறவற சபை, தன் ஆலயங்களின் சாளரங்கள் வெண்மையாக, சிலுவையோ உருவமோ இல்லாமல் இருக்க வேண்டும் என்று விதித்தது. விலக்கப்பட்ட நிறத்தை விட்டுவிட்டு, ஈயப்பட்டையின் பின்னலையே அவர்கள் அணியாக்கினார்கள். அந்த வழியில் வளர்ந்த சாம்பல் சாளரங்களில் பெரியது, மேலே சொன்ன யார்க் மின்ஸ்டரிலேயே உள்ள ‘ஐந்து சகோதரிகள்’. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் அமைந்த அந்த ஐந்து ஒடுங்கிய சாளரங்களும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16 மீட்டர் உயரம்; அவற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள் உள்ளன. நம் காலத்தில் பியர் சூலாஜ், பிரான்சின் கோங்க் என்னும் ஊரின் சேன்ட் ஃபோய் ஆலயத்துக்காக 1987 முதல் 1994 வரை வேலை செய்து, 104 சாளரங்களை நிறமற்ற, ஆனால் ஊடுருவிப் பார்க்க முடியாத கண்ணாடியால் அமைத்தார். வாழ்நாள் முழுவதும் கறுப்பையே தீட்டிய ஓவியர் அவர். அந்தச் சாளரங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் அவற்றின் நுட்பமே, நேரத்துக்கு நேரம் அந்த வெண்மை நீலத்துக்கும் வெம்மைக்கும் இடையே மெல்ல அசைவதில்தான் இருக்கிறது என்பதால், கறுப்பு வெள்ளை அங்கேதான் அதிகமாக இழக்கிறது. இது எனக்கே வியப்பாக இருந்த ஒன்று.

தோற்றுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தின் தெற்குப் பகுதியில் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2007இல் அமைத்த சாளரம், 72 நிறங்களில் 11,263 சதுரத் துண்டுகளால் ஆனது. உருவம் கிடையாது, தூரிகை வேலை கிடையாது. நிறத்தை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது சாம்பல் கட்டங்கள் மட்டுமே. நூற்றாண்டுகளாகப் பழுதுபார்க்கப்பட்ட சாளரங்கள் தரும் சிக்கல் வேறு வகையானது. உடைந்த துண்டுகளைச் சேர்க்க ஒவ்வொரு காலத்திலும் புதிய ஈயப்பட்டைகளைச் செருகியிருப்பார்கள். ஒரு முகத்தின் குறுக்கே மூன்று நான்கு பட்டைகள் சிலந்திவலை போல ஓடும். வண்ணத்தில் பார்க்கும் கண் நிறத்தைப் பற்றிக்கொண்டு அந்தப் பட்டைகளைக் கடந்துவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் பற்றிக்கொள்ள வேறெதுவும் இல்லாததால், கைவினைஞரின் கோடும் பழுதுபார்த்தவரின் கோடும் ஒரே உரத்த குரலில் பேசத் தொடங்கிவிடுகின்றன. இதற்கு எந்த வடிகட்டியும் மருந்தாகாது. அத்தகைய பலகங்களைப் பார்த்ததும் விலகி, வேறு பலகத்தைத் தேடுகிறேன்.

எடுக்கும் முறையில் என் முழுக் கவலையும் அந்த ஈயக்கோட்டைக் காப்பாற்றுவதுதான். பிரகாசமான பரப்பு தன் எல்லையைத் தாண்டிக் கசியும். கண்ணிலும் கசியும், லென்ஸிலும் கசியும், பிலிமிலும் கசியும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பேராலயங்களைப் புதுப்பித்த வியோலே ல டுக், நீலக் கண்ணாடி தன்னைச் சுற்றியுள்ள எல்லாவற்றின் மீதும் பரவும் இயல்புடையது என்றும், பழைய கைவினைஞர்கள் அதன் மேல் நெருக்கமாக மை வரைந்து அந்தப் பரவலுக்கு அணை போட்டார்கள் என்றும் விளக்கினார். பிலிமில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் சேர்கிறது: பசையைக் கடந்து செல்லும் ஒளி, பிலிமின் பின்முகத்தில் பட்டுத் திரும்பி வந்து, பிம்பத்தைச் சுற்றி ஒளிவட்டம் போடுகிறது. அதைத் தடுக்கத்தான் பின்புறம் ஒரு சாயப்பூச்சு இருக்கிறது. ஆனாலும் அளவுக்கு மீறிய ஒளியை அது முழுதும் விழுங்கிவிடாது. ஒரு ஸ்டாப் அதிகமாகக் கொடுத்தால் போதும், விரல் தடிமன் ஈயப்பட்டை நூலாக மெலிந்துவிடும்.

ஆகவே சாளரத்திலேயே வெளுத்த கண்ணாடித் துண்டை, ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் புள்ளி மீட்டரால் அளந்து, அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த, கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான தொனிகளை மண்டலங்களாகப் பிரிக்கும் மண்டல முறையின்படி அதை வெள்ளையை ஒட்டிய எட்டாம் மண்டலத்தில் வைக்கிறேன். மற்றவை எங்கு விழுகின்றனவோ அங்கு விழட்டும். சுற்றியுள்ள கற்சுவர் அப்போது முழுக் கறுப்பாகிவிடும். சுவரின் விவரமும் சாளரத்தின் விவரமும் ஒரே எக்ஸ்போஷரில் வேண்டும் என்ற ஆசையை நான் விட்டுவிட்டேன். நான் அளந்த பல இடங்களில் இரண்டுக்கும் பத்து ஸ்டாப் இடைவெளி இருந்தது. அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல். பல எக்ஸ்போஷர்களை இணைத்து இரண்டையும் காட்டும் படங்கள் வருகின்றன. அவற்றில் சாளரம் ஒளிரும் சாளரமாக இல்லாமல் சுவரில் ஒட்டிய சுவரொட்டியாகிவிடுவதாகவே எனக்குப் படுகிறது. இருள் அந்தக் காட்சியின் பாதி.

வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை. வெயில் நாளில் சாளரத்தை எடுக்க ஓடுவது எல்லாரும் செய்யும் தவறு, நானும் செய்தேன். நேர்வெயில் படும் சாளரத்தில் ஒரு மூலை எரிந்துபோய் மறு மூலை இருண்டு கிடக்கும்; வெளியே பாதுகாப்புக்காக வைத்த கம்பிவலையின் நிழல் அப்போஸ்தலரின் முகத்தில் சதுரம் சதுரமாக விழும். வெண்மேகம் மூடிய நாளே உகந்தது. வானம் முழுவதும் ஒரே ஒளித்திரையாக நிற்கும். பிம்பமும் மேலிருந்து கீழ்வரை சீராக வரும். சாளரத்துக்கு வெளியே மரமோ எதிர்க்கட்டடமோ இருந்தால், கீழ்ப்பகுதிக் கண்ணாடி அதை இருளாகக் காட்டிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முக்காலிக்கு முன்கூட்டியே அனுமதி கேட்பதும், வழிபாட்டு நேரத்தைத் தவிர்ப்பதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

உயர்ந்த சாளரத்தைத் தரையிலிருந்து அண்ணாந்து எடுத்தால் அது மேலே குறுகி ஓடும். லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் வகையான ஷிப்ட் லென்ஸ் இதைச் சரிசெய்கிறது. கணினியிலும் நிமிர்த்தலாம் என்றாலும், நிமிர்த்தும்போது மேல்பகுதிக் கோடுகள் இழுபட்டு மென்மையாகிவிடுகின்றன. நான் காப்பாற்ற நினைப்பதே அந்தக் கோடுகளைத்தான்.

இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய நெகட்டிவும் ஒரு சாளரம்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1835 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் ஒளிப்பட முன்னோடி ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட், முன்பு கன்னியர் மடமாக இருந்து பின்பு தம் வீடாகிவிட்ட லேகாக் அபேயில், சின்னஞ்சிறு காகிதத் துண்டொன்றில் பதிவு செய்தது அது. எடுத்த புதிதில் ஏறத்தாழ 200 கண்ணாடிச் சில்லுகளை உருப்பெருக்கியின் உதவியால் எண்ண முடிந்தது என்று அதனருகே குறித்துவைத்தார். வண்ணமற்ற சாதாரணக் கண்ணாடி. ஆனால் அவரும் எண்ணிப் பார்த்தது ஈயக்கோடுகளால் பிரிந்த சில்லுகளைத்தான்.

கடைசியாக, என் நீல வடிகட்டிக் கொள்கையைக் குலைத்துப்போட்ட ஒரு தேவதூதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாளர ஓவியர்கள் ஒரு புதிய வித்தையைக் கையில் எடுத்தார்கள். வெள்ளியின் சேர்மம் ஒன்றைக் கண்ணாடியின் பின்புறம் பூசிச் சுட்டால், வெள்ளி கண்ணாடிக்குள்ளேயே இறங்கி, எலுமிச்சை மஞ்சள் முதல் தேன் நிறம் வரை நிறமேற்றும். ஒரே வெள்ளைத் துண்டில் முகத்தை வெள்ளையாகவும் கூந்தலைப் பொன்னாகவும் காட்ட முடிந்தது; இடையில் ஈயம் தேவைப்படவில்லை. பிலிமில் பிம்பத்தைத் தாங்குவதும் வெள்ளிதான் என்பதால், எனக்கு இந்த மஞ்சள் மீது தனி உறவு உண்டு. அந்த உறவு எனக்கு உதவவில்லை. மஞ்சள் நீலத்தை விழுங்கும். எனவே நீல வடிகட்டியில், சிவப்பு அங்கியும் நீலப் பின்னணியும் அழகாகப் பிரிந்து நிற்க, தேவதூதரின் பொற்கூந்தல் மட்டும் கரிப்பிடித்தது போலக் கறுத்துவிட்டது. 8ஆம் எண் மஞ்சள் வடிகட்டியை மாட்டினேன். கூந்தல் வெளுத்து முகத்தோடு ஒன்றாகிவிட்டது. வடிகட்டியே இல்லாமல் எடுத்தபோதுதான் கூந்தல் தனக்குரிய மெல்லிய சாம்பலோடு, கீறிய இழைகள் தெரிய, நெற்றியைச் சுற்றி இறங்கியது. அங்கியும் பின்னணியும் அதில் மறுபடியும் ஒரே இருளாயின.

இரண்டு நெகட்டிவையும் கணினியில் ஏற்றி, ஒன்றிலிருந்து கூந்தலையும் மற்றொன்றிலிருந்து அங்கியையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன். எல்லாம் தெளிவாக இருந்தது. யாருடைய பொழுதிலும் அப்படி ஒரு சாளரம் இருந்ததில்லை என்பதும் தெளிவாக இருந்தது. அதை அழித்துவிட்டு, வடிகட்டியில்லாத நெகட்டிவைப் பெரிதாக பிரிண்ட் போட்டேன். தலையும் இரண்டு கைகளும் மட்டும் இருளிலிருந்து வெளிப்படும் அந்தப் படம்தான் இப்போது என் மேசைக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது.